ஒளிஞ்சானுக்கு ஒரு துண்டு நிலம்

நிகானோரா சம்பிக்கு எதிராக ஊர்க்கூட்டத்தில் புகார் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது வந்து சொல்ல வேண்டாம். என் பெயர் தோரிபியோ சுல்கா. மாடு வளர்க்கிறேன். கோபக்காரன் என்பார்கள். கோபம் வருகிற மாதிரி நடந்துகொண்டால் வராதா என்ன.

நிகானோரா எனக்குக் கொமாத்ரே. அவள் மகளுக்கு முதல் முடி வெட்டியவன் நான். அதனால் நான் அவளுக்குக் கொம்பாத்ரே. அந்த உறவு ஏற்பட்டுவிட்டால் சாகும்வரை ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். கை ஓங்கக் கூடாது. ஒருவருக்கொருவர் பொய் சொல்லக் கூடாது. புகார் கொடுக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தச் சந்தில்தான் நான் புகுந்தேன்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால் லாரிக் கதையைச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. மெலித்தோனைக் கட்டிக்கொண்டு வைராபாதாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற லாரியில் இரண்டு ஆடுகளோடு ஏறப் போனாள். ஆடு ஏறக்கூடாது என்றான் ஓட்டுநர். அவள் முன்சக்கரத்துக்கு எதிரே போய், பாவாடையை ஒதுக்கி உட்கார்ந்து, இடுப்பிலிருந்த கதிரை எடுத்துக் கம்பளி நூற்க ஆரம்பித்தாள். லாரியில் நாங்கள் முப்பது பேர். கத்தினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். உச்சி வெயிலில் ஆடுகள் இரண்டும் லாரியில் ஏறின. அவள் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துவிட்டது.

திரும்பி வந்து மெலித்தோனிடம் முறையிட்டோம். அவன் ஒரு நாளைக்கு நாலு பேச்சுப் பேசுகிறவன், அதில் மூன்று கிண்டல்.

"எனக்கு ரெண்டு மாசத்துல பழகிருச்சு. உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றான்.

முப்பது வருடம் ஆகிறது. இன்னும் பழகவில்லை.

எங்கள் ஊர் காட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் இருக்கிறது. கீழே மேகம் ஏறி இறங்கும் காடு, மேலே மலை முடிவரைக்கும் புல். காடு முடிகிற இடத்தில் நிகானோராவின் துண்டு தொடங்குகிறது, மூன்று கால்பந்துத் திடல் அளவு இருக்கும். அதற்கு மேலே என் மேய்ச்சல். என் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவள் துண்டின் கோடியில், காட்டோரமாக ஓர் ஊற்று உண்டு. என் மாடுகள் காலங்காலமாக அவள் நிலத்துக்குள் இறங்கி, அதன் குறுக்கே ஒரு தடம் போட்டு, அங்கே போய்க் குடித்துவிட்டு வந்தன. அப்போதெல்லாம் அவள் நிலத்திலும் மாடுதான் மேய்ந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு வலைக்காரர்கள் வந்தார்கள். அது நாங்கள் வைத்த பெயர். பறவைகளை எண்ணுகிறவர்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் காட்டில் கட்டி, விழுகிற பறவையை எடுத்து, நிறுத்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விட்டுவிடுவார்கள். தின்ன மாட்டார்கள். அதுதான் எங்களுக்கு விளங்கவே இல்லை. நிகானோரா அவர்களுக்குச் சமைக்கப் போனாள். ஒருநாள் வலையில் சிக்கிய குருவியை விடுவிக்கத் தெரியாமல் ஒருவர் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், கரண்டியைப் போட்டுவிட்டுப் போய், ஓர் இறகு உதிராமல் எடுத்துக் கொடுத்தாள். கம்பளி நூற்ற விரல்கள் அல்லவா. அன்றைக்கே கரண்டி வேறொருத்தி கைக்குப் போனது. பதினெட்டு வருடம் அவள் வலையோடு நின்றாள்.

அங்கேதான் அவளுக்கு ஒளிஞ்சானோடு பழக்கம். கைப்பிடி அளவுப் பறவை. முட்டைக்குக் குச்சிக்கால் முளைத்தது போல இருக்கும். செம்பழுப்பு முதுகு, வாலென்று சொல்ல ஒன்றுமில்லை. பறக்கச் சோம்பல், மூங்கில் புதரின் அடியில் தத்தித் தத்தி நடக்கும். பத்தடி தூரத்தில் நின்று கூப்பிட்டாலும் கண்ணில் படாது. ஒரு நீளச் சீட்டி, இரண்டு குட்டைச் சீட்டி, அவ்வளவுதான் அதன் பேச்சு. எனக்கு அதை நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அதே மாதிரி சீட்டியடித்து வரவழைத்து, கண்ணி வைத்துப் பிடித்துச் சுட்டுத் தின்றவன் நான். ஒரு வாய்க்குக் காணாது.

முதல் வருடம் அவள் ஒளிஞ்சானை வலையிலிருந்து எடுத்தது கீழே, மலைப்பாதையின் இரண்டாவது பாலத்தருகே. சில வருடங்கள் கழித்து அங்கே ஒன்றுகூட விழவில்லை; மேலே பன்றிப்பாறை வளைவில் விழுந்தது. அதற்கும் பிறகு காட்டின் கடைசி மரங்களுக்கு அடியில். பாலத்தருகே இப்போது கீழ்க்காட்டுப் பறவைகள்தான் கத்துகின்றன. கொசுவும் வந்துவிட்டது, எங்கள் அப்பா காலத்தில் கொசு என்றால் கதையில் வருகிற ஒன்று. கீழே சூடு ஏற ஏற, குளிர் பழகிய பறவைகள் குளிரைத் தேடி மேலே போகின்றன என்று வலைக்காரர்கள் கருவிகளை வைத்துக்கொண்டு சொன்னார்கள். நிகானோரா கருவி இல்லாமல் அதற்கு முன்பே சொல்லிவிட்டாள். நாங்கள் காதில் வாங்கவில்லை.

ஒரு காலையில் காட்டோரம் உட்கார்ந்து சுட்ட கிழங்கு தின்றுகொண்டிருந்தாளாம். ஒளிஞ்சான் ஒன்று கடைசி மூங்கிலின் அடிவரை வந்தது. எதிரே புல்வெளியைப் பார்த்தது. ஓர் அடி வைத்தது. திரும்பிப் போய்விட்டது. சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது, மறுபடியும் திரும்பிப் போனது. கிழங்கு ஆறிப்போகும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டவெளி என்றால் அதற்குச் சுவர். கீழே இருக்கவும் முடியாது, மேலே வரவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மெலித்தோனிடம், "நம்ம புல்லுதான் அதுக்குக் குறுக்கே நிக்குது. மாட்டைக் குடுத்துருவோம்" என்றாள்.

"பறவை பால் கறக்குமா?" என்றான் அவன்.

"நீங்க கறக்குறீங்களா?"

அடுத்த வாரம் மாடுகள் போய்விட்டன. வீட்டுப்பக்கத்து ஆடும் உருளைக்கிழங்கும் போதும் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வேலிப்பக்கம் போய்ச் சும்மா இராமல் வாயைக் கொடுத்தேன்.

"என்ன கொமாத்ரே, இனிமே காத்தையா மேய்க்கப் போறீங்க?"

"ஆமா கொம்பாத்ரே. உங்க மாட்டுக்குக் காத்து எவ்வளவோ மேல். சொன்ன பேச்சு கேக்கும்."

மரியாதை ஒரு நூல் குறையாது. அதுதான் அவளிடம் எரிச்சல்.

மரக்கன்று நடுவாள் என்று பார்த்தால், உலர்ந்த கம்பங்களைக் கொண்டுவந்து புல் நடுவில் நட்டாள். ஆள் உயரம், தலையில் ஒரு குறுக்குக் குச்சி. நாற்பது கம்பம். ஊரே சிரித்தது. துணி எங்கே துணி எங்கே என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். காட்டில் பழம் தின்ற பறவைகள் புல்லைக் கடக்கும்போது அந்தக் கம்பங்களில் உட்கார்ந்து எச்சம் போட்டன. எச்சத்தில் விதை. இரண்டு மழைக்குப் பிறகு ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு கொத்துச் செடி. காட்டோரத்து மூங்கிலும், மாட்டு வாய் இல்லாத தைரியத்தில், மேலே ஏறியது. ஏழு வருடத்தில் அவள் துண்டு தோளுயரப் புதர் ஆகிவிட்டது. கம்பம் நட்டவள் ஒரு கன்றுகூட நடவில்லை.

இவ்வளவு காலமும் என் மாட்டுத்தடத்தை அவள் தொடவில்லை. எட்டாவது வருடம் அதை அடைத்தாள். மூங்கில் தழையை வெட்டித் தடம் முழுக்கப் பரப்பி, இரண்டு முனையிலும் கம்பி கட்டிவிட்டாள். என் மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலியருகே நின்றன. நான் போய் ஒரு பிடி பிடித்தேன்.

"முப்பது வருஷத் தடம், கொமாத்ரே."

"தெரியும். தடத்துக்குக் கீழ்ப்பக்கம்வரை ஒளிஞ்சான் வந்துருச்சு. தடத்தைத் தாண்ட மாட்டேங்குது. நானும் ஒரு வருஷம் பாத்துட்டேன்."

"மூணு அடித் தடம். அதைத் தாண்டத் தெரியாதா அதுக்கு?"

"உங்களுக்கு நாலு அடி ஓடை. போன வருஷம் தாண்டப் போய்த் தலையோட முழுகலையா? அதது சுபாவம் அதது. உங்க மாடு பாறையைச் சுத்திக்கிட்டு ஓடைக்குப் போகட்டும். அரை மணி நேரம். அதுக்குக் கால் நாலு இருக்கு."

அன்று சாயங்காலமே செயலாளரிடம் போய்ப் புகாரை எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் நிலம் ஊருக்குச் சொந்தம். உழைக்கிறவன் வைத்துக்கொள்ளலாம். மூன்று வருடம் குளம்பும் மண்வெட்டியும் படாமல் கிடந்தால் ஊர் எடுத்து, கேட்கிறவனுக்குக் கொடுக்கும். அவள் துண்டில், என் மாடு போன தடம் தவிர, எட்டு வருடம் எதுவும் படவில்லை. நான் கேட்டேன். சட்டப்படி என் பக்கம் ஓட்டையே இல்லை.

ஜூலையில் கூட்டம். தலைவர் ஃபவுஸ்தினோ புகாரைப் படித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நிகானோரா எழுந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். நாம சுன்யோ போடுற இடம் எங்க இருந்துச்சு?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். உருளைக்கிழங்கைப் பரப்பிப் பனியில் உறையவிட்டு, மிதித்துத் தண்ணீரை எடுத்துக் காயவைத்தால்தான் சுன்யோ. பனி சரியாக விழாவிட்டால் கிழங்கு கறுத்து நாறிப்போகும். எங்கள் அப்பா காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டோம். அங்கே பனி நின்றது, மேலே போனோம். அங்கேயும் நின்றது, இன்னும் மேலே போனோம்.

"மூணு தடவை மேல போயாச்சு" என்றாள் அவளே. "கிழங்கு வயலும் மேல போயிருச்சு. உங்ககிட்ட யாராவது பட்டா கேட்டாங்களா? ஏன் வந்தே, எதுக்கு வந்தேன்னு கேட்டாங்களா? குளிரைத் தேடி நாம போனா அது பொழைப்பு. ஒளிஞ்சான் போனா மட்டும் தரிசா?"

"சட்டத்துல குளம்பு, மண்வெட்டின்னுதான் இருக்கு, நிகானோராம்மா" என்றார் ஃபவுஸ்தினோ. பாவம், நல்ல மனிதர்.

"காலுன்னு எழுதியிருந்தா போதும். அதுக்கும் ரெண்டு இருக்கு."

சிரிப்பில் கூட்டம் கலைந்தது. முடிவு வழக்கம்போல திருவிழா எல்லைநடையில் என்று ஆனது. பிப்ரவரியில் ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். தகராறு உள்ள நிலத்தில் நின்று, இதை நடத்துகிறவன் யார் என்று தலைவர் மூன்று முறை கேட்பார். எல்லைக்குள்ளிருந்து குரல் வர வேண்டும். வராவிட்டால் எல்லைக்கல்லைப் பெயர்த்து நட்டுவிடுவார்கள். எல்லோர் முன்னாலும் குளம்பு காட்டு, மண்வெட்டி காட்டு என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நடுவில் ஆகஸ்ட் வந்தது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆகஸ்டில் நாங்கள் மழையைக் கூப்பிடுவோம். காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தால் புகை மேலே போய் மேகமாகும், மேகம் மழையை இழுத்துவரும், புதுப்புல் முளைக்கும். என் அப்பா அப்படித்தான் செய்தார். தீ வைப்பதில் என்னை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. எங்கே வைத்தால் எங்கே நிற்கும் என்று எனக்கு உள்ளங்கை மாதிரித் தெரியும். என் மேய்ச்சலுக்கும் அவள் துண்டுக்கும் நடுவில் ஒரு சதுப்பு ஓடும், மாடு குடிக்கிற அளவுக்கு நீர் தேங்காது, வெறும் சேறு. எவ்வளவு பெரிய தீயானாலும் அங்கே போய்த் தானாகவே படுத்துவிடும்.

அந்த வருடம் சதுப்பு காய்ந்திருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், எப்போதும் ஈரமாக இருக்கிற இடம்தானே. அதுதான் என் தப்பு. மதியத்துக்கு மேல் மலைக்காற்று கீழ்நோக்கித் திரும்பியது. தீ சதுப்பைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே நிகானோராவும் மெலித்தோனும் நனைத்த போன்சோப் போர்வையையும் பச்சைக் கிளையையும் வைத்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். ஊரில் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். மாட்டுத்தடத்துக்கு மேலே இருந்த புதரில் பாதியைக் காப்பாற்றினோம். எல்லையை ஒட்டிய பகுதி கம்பங்களோடு கருகிவிட்டது. கடைசித் தீயை அடிக்கப் பாய்ந்தபோது அவள் கால் இடறி, முகம் கல்லில் போய் மோதியது. எழுந்தபோது முன்பல் இரண்டும் இல்லை.

வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள். சாம்பல் அப்பிய முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"மழையைக் கூப்பிட்டீங்களா, கொம்பாத்ரே? என்ன சொல்லிச்சு?"

அணைந்துபோன இடத்தையே நான் மறுபடியும் கிளையால் அடித்தேன்.

மழை அக்டோபர் கடைசிவரை வரவில்லை. அதற்குள் அவள் கருகிய இடத்தில் புதுக்கம்பங்களைக் கொண்டுவந்து நட்டுவிட்டாள், வாய்வீக்கம் வடியும் முன்பே. நான் ஒரு மூட்டை சுன்யோவை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மெலித்தோன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பனி பத்தாத சுன்யோவாம். மெல்ல முடியலையாம். பல்லு வேணுமாம்" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனான்.

புகாரைத் திரும்ப வாங்கியிருக்கலாம். என் மனைவி வாங்கச் சொன்னாள். நான் வாங்கவில்லை. வெட்கம் வந்தால் சிலருக்குத் தலை குனியும், எனக்குக் கழுத்து இன்னும் விறைத்துக்கொள்ளும். தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து அவளைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை.

திருவிழா வந்தது. கொடி, பறை, குழல், தலையில் மாவு, கழுத்தில் வண்ணக் காகிதச்சுருள், கையில் சிச்சா என்கிற சோளக்கள். ஊரே எல்லையைச் சுற்றி நடந்து அவள் துண்டுக்கும் என் மேய்ச்சலுக்கும் நடுவிலிருந்த கல்லுக்கு வந்தது. ஃபவுஸ்தினோ தொப்பியைக் கழற்றினார். குழல் நின்றது.

"இந்த மண்ணை நடத்துறது யாரு? குரல் குடுங்க."

நிகானோரா எல்லைக்குள் போகவில்லை. எங்களோடு வெளியே நின்றாள்.

"நான் நடத்தலை. நடத்துறவன் உள்ள இருக்கான்" என்றாள்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தாள். சீட்டி வரவில்லை. பல் இருந்த இடத்தின் வழியாக வெறும் காற்று வந்தது. யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அந்தப் பல் யாருடைய தீயில் போனது என்று நினைவு வரும்வரை.

"இந்த மண்ணை நடத்துறது யாரு?" என்றார் ஃபவுஸ்தினோ இரண்டாம் முறை.

விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். எச்சில்தான் தெறித்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஒளிஞ்சானைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அடுத்தவன் இடத்துல நிக்கும்போது அது வாயே திறக்காது. தன்னோட இடத்துல வேற ஒருத்தன் குரல் கேட்டாத்தான் கத்தும், சண்டைக்கு வரும். பதினெட்டு வருஷம் பாத்திருக்கேன். ஒருதடவை தப்பினதில்ல."

"நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கே" என்றார் ஃபவுஸ்தினோ. கூட்டம் சிரித்தது. எல்லைத் தகராறு இல்லாத வீடு எங்கள் ஊரில் எது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கொம்பாத்ரே, சின்ன வயசுல நீங்க சீட்டியடிச்சா ஒளிஞ்சான் மடியில வந்து உக்காருமாமே. அதைச் சொல்லியே பாதி ஊர்ப் பொண்ணுங்களை மயக்கினீங்களாம், உங்க சம்சாரம் சொல்லிச்சு. இப்ப எங்க. உங்களுக்கும் வயசாயிருச்சு."

"யாருக்கு வயசாச்சு?" என்றேன்.

"அப்ப அடிங்க."

அவ்வளவு பேரும் என்னையே பார்த்தார்கள். என் மனைவியும்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஃபவுஸ்தினோ மூன்றாம் முறை கேட்பார், பதில் வராது, கல் கீழே போகும், சாயங்காலம் என் மாடுகள் ஊற்றில் தண்ணீர் குடிக்கும். அதைவிடச் சுலபமான வழியும் இருந்தது. சீட்டியைக் கொஞ்சம் பிசகி அடித்தால் போதும். நீளத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பறவைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் உதட்டை நனைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வருடம் அந்தச் சீட்டியைக் கேட்ட காது அது. பிசகினால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பல்லில்லாத வாயோடு மரியாதையாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் சாகும்வரை. கொமாத்ரேயிடம் பொய் சொல்லக் கூடாது. சீட்டியிலும் கூடாது.

"இந்த மண்ணை நடத்துறது யாரு?"

அடித்தேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் கண்ணி வைத்துவிட்டு அடித்த அதே சீட்டி.

ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு முறை அடித்தேன்.

புதருக்குள்ளிருந்து வந்தது. மாட்டுத்தடத்துக்குக் கீழே இல்லை. மேலே, கருகாமல் தப்பிய புதரிலிருந்து. ஒரு நீளம், இரண்டு குட்டை. மறுபடியும், இன்னும் கிட்டே, இன்னும் கோபமாக. மூங்கில் அடியில் ஏதோ அசைந்தது. பிறகு அது வெளியே வந்தது. கருகி விழுந்து கிடந்த கம்பம் ஒன்றின் மேல் ஏறி, குச்சிக்காலை ஊன்றி நிமிர்ந்து நின்று, இருநூறு பேரையும் விட்டுவிட்டு, நேராக என்னைப் பார்த்துக் கத்தியது. நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். கைப்பிடி அளவுப் பறவைக்குப் பின்வாங்கினேன். ஊரே பார்த்தது.

"குரல் வந்தாச்சு" என்றார் ஃபவுஸ்தினோ. "எழுதிக்க."

செயலாளர் நோட்டைத் திறந்துகொண்டு விழித்தார். "பேரு என்னன்னு எழுதறது?"

"ஒளிஞ்சான்னு எழுது" என்றான் மெலித்தோன். "கையெழுத்து அப்புறம் போடும்."

பறை மறுபடியும் முழங்கியது. யாரோ அவள் தலையில் மாவைக் கொட்டினார்கள். அவள் ஆடவில்லை. எனக்கு நன்றியும் சொல்லவில்லை. அந்தப் பறவை நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கம்பத்திலிருந்து இறங்கி, என் மேய்ச்சலைப் பார்த்தது. ஓர் அடி வைத்தது. திரும்பிப் புதருக்குள் போய்விட்டது.

"இதுவும் சீக்கிரம் சூடாயிரும், கொம்பாத்ரே. அப்ப அது இன்னும் மேல போகணும். மேல யார் இடம்?"

"மேல என் இடம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்கும் மேல?"

"அதுக்கும் மேல மலை முடிஞ்சிருச்சு. வானம்தான்."

"அது நடக்குற பறவை" என்றாள் நிகானோரா. "வானத்துல நடக்காது." சொல்லிவிட்டுச் சிச்சாக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் மாடு ஓட்டிக்கொண்டு போனபோது, என் மேய்ச்சலின் கீழ்ப்பக்கம் ஏழு கம்பங்கள் நின்றன. ஆள் உயரம், தலையில் குறுக்குக் குச்சி. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது பிடுங்கப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். நாளைக்கு என்றேன். இரண்டு ஆகஸ்ட் போய்விட்டது. இரண்டிலும் நான் தீ வைக்கவில்லை. மாடுகள் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போகின்றன, அரை மணி நேரம் ஆகிறது. போன மழையில் அந்தக் கம்பங்களில் ஒன்று சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்தி நட்டு, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தவன் நான்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது வந்து சொல்ல வேண்டாம்.